மனநோயும் பேச்சு மருத்துவமும்



காய்ச்சல் கண்டால் ஆவடி அரசு மருத்துவமனைக்கு உடனே செல்கிறோம். மனம் நொந்தால் எங்கே செல்கிறோம்? மந்திரிப்பவரிடம் செல்கிறோம், அல்லது ஒருவருக்கும் சொல்லாமல் வீட்டுக்குள்ளேயே மறைக்கிறோம். தேர்வுத் தோல்வி, வேலையின்மை, குடி, சாதியின் பெயரால் பட்ட அவமானம் ஆகியவை நம் பிள்ளைகளின் உள்ளத்தை அரிக்கின்றன. முதல் தலைமுறையாகக் கல்லூரி வாயிலை மிதிக்கும் பிள்ளை குடும்பத்தின் நம்பிக்கை முழுவதையும் தோளில் சுமக்கிறது. அதனாலேயே தன் துயரை வீட்டில் கூற அஞ்சுகிறது. ஆகவே பேச்சு மருத்துவம் பற்றி இன்று சில கூற விழைகிறோம்.

பேச்சு மருத்துவம் வெறும் அறிவுரை அன்று. பயிற்சி பெற்ற ஒருவர், குறித்த நேரத்தில், இரகசியம் காத்து, முறையாக உரையாடி நோயைத் தணிப்பதே அது. அதில் பல வகைகள் உண்டு.

முதலாவது உளப்பகுப்பாய்வு. வியன்னாவில் வாழ்ந்த பிராய்டு 19ஆம் நூற்றாண்டின் இறுதியில் வகுத்தது. இளமை நினைவுகளில் நோயின் வேரைத் தேடும் இம்முறைக்கு நெடுங்காலம் பிடிக்கும்.

இரண்டாவது, அமெரிக்க மருத்துவர் ஆரோன் பெக் 1960களில் உருவாக்கிய எண்ணத்தையும் நடத்தையையும் சீர்செய்யும் முறை. 'ஒரு பாடத்தில் தோற்றேன். ஆகவே எதற்கும் உதவேன்' என்னும் எண்ணத்திற்குச் சான்று என்ன என்று வினவி, அதனைச் சோதிக்கக் கற்பிக்கிறது. பெரும்பாலும் சில மாதங்களில் நிறைவுறும்.

மூன்றாவது கார்ல் ரோஜர்ஸ் காட்டிய வழி. தீர்ப்புக் கூறாது, மதிப்போடு செவிமடுப்பதே அதன் உயிர். மதிப்பு மறுக்கப்பட்டு வளர்ந்தவனுக்கு இதன் அருமை சொல்லாமலே விளங்கும்.

நான்காவது குடும்பத்தையும் சேர்த்து நடத்துவது. 1950களில் அமிர்தசரஸ் மனநல மருத்துவமனையில் டாக்டர் வித்யாசாகர், நோயாளரின் உறவினரையும் கூடாரங்களில் தங்கவைத்துச் சிகிச்சையில் பங்குபெறச் செய்தார்.

இங்கு இரண்டு எச்சரிக்கைகள் தேவை. மனச்சிதைவு போன்ற கடும் நோய்களுக்கு மருந்து இன்றியமையாதது. பேச்சு அதற்குத் துணையே. அடுத்து, சாதி இழிவு நம் கற்பனை அன்று. அதனை எதிர்த்துச் சட்டவழி நிற்கவே வேண்டும். இழிவு உண்மை, 'ஆகவே நான் தாழ்ந்தவன்' என்னும் முடிவே பொய். அப்பொய்யைக் களையவே பேச்சு மருத்துவம் உதவுகிறது.

இது செல்வர்க்கு மட்டும் உரியது என எண்ணற்க. கோவா மாநிலத்தில், பயிற்சி பெற்ற சாதாரண மக்களே ஆரம்பச் சுகாதார நிலையங்களில் ஆறு முதல் எட்டு அமர்வுகள் உரையாடி, கடும் மனச்சோர்வைக் குறைத்ததை 2017இல் வெளிவந்த ஆய்வு மெய்ப்பித்தது. 1794இல் வேர்கொண்ட கீழ்ப்பாக்கம் அரசு மனநலக் காப்பகம் நமக்கு எட்டும் தொலைவில் உள்ளது. மாவட்ட மனநலத் திட்டமும் உண்டு. 2022இல் தொடங்கிய 14416 என்னும் தொலைபேசி எண்ணில் கட்டணமின்றித் தமிழிலேயே பேசலாம். 2017ஆம் ஆண்டின் மனநலப் பாதுகாப்புச் சட்டம் அரசு சிகிச்சையை நம் உரிமையாக்கியுள்ளது.

இளைஞர்களே! எழுத்தறிவிக்கத் தோன்றிய நம் சங்கம், இனித் துயருற்றோர் சொல்லைக் கேட்கவும் கற்கவேண்டும். ஒதுங்கி அமரும் தோழனைக் கேலி செய்யாதீர், அருகமர்ந்து கேளுங்கள். 'சாகலாம்' என்று ஒருவன் சொன்னால் விளையாட்டென விடாதீர். தனியே விடாது, அன்றே மருத்துவரிடம் உடன் செல்லுங்கள். கல்வியால் நிமிர்ந்த தலைமுறை, மனம் உடைந்து வீழ நாம் விடலாகாது.