ஏரியும் அண்டை ஊர்களும்
(ஆண்டுப் பொதுக்கூட்டத்தில் நிகழ்த்தப்பெற்ற உரையின் எழுத்து வடிவம்)

 

நமது லால்பேட்டை, வீராணம் ஏரிக்கரையில் அமைந்த ஊராகும். கொள்ளுமேடு, எள்ளேரி, ஆயங்குடி, காட்டுமன்னார்கோயில் என நம்மைச் சூழ்ந்த ஊர்கள் பல. பள்ளிவாசலும் கோயிலும் வேறுவேறாயினும், நம் அனைவர்க்கும் சோறளிப்பது ஒரே நீர்தான்.

முதலாம் பராந்தகச் சோழரின் 'வீரநாராயணன்' என்னும் பட்டப்பெயரால் அமைந்த இவ்வேரி, ஆயிரம் ஆண்டுகளைக் கடந்து நிற்கிறது. கொள்ளிடத்தின் குறுக்கே 1836இல் கட்டப்பெற்ற கீழணையிலிருந்து வடவாறு வழியே காவிரி நீர் இதனை வந்தடைகிறது. முழுக் கொள்ளளவு மட்டம் 47.50 அடி. ஏறத்தாழ 45 ஆயிரம் ஏக்கர் நிலம் இதனால் பாசனம் பெறுகிறது. 2004 முதல் சென்னை மாநகர மக்களின் தாகத்தையும் இது தணித்து வருகிறது. நமது கொடிக்கால்களின் வெற்றிலையும் இந்நீரின் கொடையே.

எனினும், ஐப்பசி, கார்த்திகை மாதங்களில் நிலைமை மாறுகிறது. வடவாற்று நீருடன் செங்கால் ஓடை, கருவாட்டு ஓடை ஆகியவற்றின் காட்டாற்று வெள்ளமும் சேரும்போது, கரையைக் காக்க உபரிநீரைத் திறந்துவிடுவது தவிர்க்க இயலாததாகிறது. நம் ஊர் மதகிலிருந்து வெள்ளியங்கால் ஓடையில் பாயும் அந்நீர், திருநாரையூர், நந்திமங்கலம், சர்வராஜன்பேட்டை முதலிய தாழ்வான ஊர்களின் நெல்வயல்களைச் சூழ்ந்துகொள்கிறது. நம் கரை காக்கப்படுகிறது. அவர்கள் பயிர் மூழ்குகிறது. மதகைத் திறப்பது அரசு அலுவலர்களின் பொறுப்பே. ஆயினும், அத்திறப்பால் பயன்பெறும் நமக்கும் ஒரு பொறுப்பு உண்டன்றோ?

வாய்க்காலில் நாம் வீசும் நெகிழிப் பைகள் மழைக்காலத்தில் கீழே உள்ளவரின் மடையையே அடைக்கின்றன. வடிகாலை ஒட்டி நாம் எழுப்பும் ஒரு சுவர், அவ்வழியே வடியவேண்டிய நீரைப் பிறர் வயலில் தேக்குகிறது. தம் வீட்டு வாசல் நனையாதிருந்தால் போதும் என்றிருப்பது, அண்டை வீட்டாரின் உரிமையை வலியுறுத்தும் மார்க்கத்தைச் சார்ந்த நமக்கு அழகன்று.

ஆகவே, மூன்று வேண்டுகோள்களை உங்கள் முன் வைக்கின்றோம். மழைக்கு முன்னர், புரட்டாசியிலேயே நம் தெருக்களின் வடிகால்களைத் தூர்வாருவோம். ஓடைகளில் குப்பை கொட்டுவதை அடியோடு நிறுத்துவோம். வெள்ளம் வருங்கால், எந்தச் சமயத்தவராயினும் வந்து தங்க நம் மண்டபங்களைத் திறந்துவைப்போம்.

ஏரி நிறைந்தால் மகிழ்வது நாம் மட்டுமல்லர். அது வழிந்தால் வருந்துவோரும் நம்மவரே என்பதை மறவாதிருப்போமாக. வஸ்ஸலாம்.