கடல்கடந்த குரல்



1975 சூன் 25-இல் நெருக்கடிநிலை வந்தது, செய்தித்தாள்கள் வாயடைக்கப்பெற்றன. இங்கே அடங்கிய குரல் இலண்டனில் எழுந்தது. செயப்பிரகாசர் விடுதலைக்கென ஆங்கே ஓர் இயக்கமே தோன்றிற்று. 1976 சூனில் சார்சு பெர்னாண்டசு கல்கத்தாவில் தளைப்பட்டபோது, செருமனியின் பிராண்டு, சுவீடனின் பால்மே, ஆத்திரியாவின் கிரைசுகி மூவரும் அவருயிர்க்குத் தீங்கு நேரலாகாதென வலியுறுத்தினர். அக்குரல் அவருக்கு வேலியாயிற்று.

நம் சிட்டிபாபுவுக்கோ? நாடாளுமன்ற உறுப்பினர், சென்னை மாநகரத் தலைவராகவும் இருந்தவர். சென்னை நடுவண் சிறையில் இளைஞர் இசுடாலின்மேல் விழுந்த அடிகளைத் தம் உடம்பில் ஏற்றார். 1977 சனவரியில் மாண்டார். அவர் பெயரை அயல்நாட்டில் எத்துணைப்பேர் அறிந்திருப்பர்? இசுமாயில் ஆணையம் உசாவியதெல்லாம் அவர் மறைந்த பின்னரே!

சிற்றூர்த் தொண்டர் நிலையோ இன்னும் இரங்கத்தக்கது. மேலூர், திருமங்கலம், உசிலம்பட்டிப் பக்கங்களில் 'மிசா'க் கொடுமையை அறிந்த முதியோரைத் தேடிச் செல்லுங்கள். சிறைப்பட்டார்தம் பெயர், ஊர், சிறை, நாள் நான்கையும் கேட்டெழுதிக் கொணருங்கள்.