தடியும் தீயும்



திருவண்ணாமலையில் அருணாசல மலையை வலம் வரும் 14 கிலோமீட்டர் பாதையில், அமைதியே உருவாக நிற்கும் அடி அண்ணாமலை ஆலயத்தைத் தொழுது செல்லும் பக்தர்களுக்கு, இந்தப் புண்ணிய க்ஷேத்திரத்திலும் களவு நிகழ்ந்ததுண்டு என்பது வியப்பளிக்கலாம். 1924-ஆம் ஆண்டு ஜூன் 26-ஆம் நாள் இரவில் ரமணாசிரமத்துக்குள் புகுந்த திருடர்கள், பெரும் பொருள் கிட்டாத ஆத்திரத்தில் ரமண மகரிஷியின் தொடையிலேயே தடியால் அடித்தார்கள். கொதித்தெழுந்த சீடர் ஒருவரை, பொறுமையே சாதுக்களின் தர்மம் என்று அவர் தடுத்துவிட்டார்; ஆனால் ராஜாங்கத்தின் தர்மம் வேறாகையால், போலீசார் திருடர்களைத் தேடிப் பிடித்தனர்; தண்டனையும் கிடைத்தது.

அன்று தடி, இக்காலத்திலோ காஸ் வெல்டிங் இயந்திரம். 2023 பிப்ரவரி 12 அதிகாலையில், திருவண்ணாமலை, போளூர், கலசபாக்கம் ஆகிய இடங்களில் 4 ஏ.டி.எம். இயந்திரங்களை வெட்டித் திறந்து, 72 லட்சம் ரூபாய்க்கு மேல் கவர்ந்த கூட்டம், தடயத்தை அழிக்கத் தீயும் வைத்தது. ஆயினும், தனிப்படையினர் பல மாநிலங்களுக்கு விரைந்து, சில நாட்களுக்குள் ஹரியானாவில் முக்கியமானவர்களைக் கைது செய்தது, நம் காவல்துறைக்குப் பெருமை சேர்க்கும் காரியம் என்றே நான் கருதுகிறேன்.

ஆனாலும், காவலர்களோடு நாமும் விழிப்பாக இருக்க வேண்டும்; பௌர்ணமி தோறும் லட்சக்கணக்கானோர் நடக்கும் பாதை இந்தக் கிரிவலப் பாதை. கிரிவலம் வருவோர் விலையுயர்ந்த நகைகளை வீட்டிலேயே பத்திரப்படுத்திவிட்டு வாருங்கள். குழந்தைகளின் கையை விடாதீர்கள். சந்தேகம் எழுந்தால் அருகில் நிற்கும் காவலரிடமோ, 100 என்ற எண்ணிலோ உடனே தெரிவியுங்கள்.