குடியிருப்போரும் கட்டடமும்

(சங்கத்தின் ஆண்டு விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



இலக்கியமும் இசையும் கேட்டு மகிழ வந்திருக்கும் உங்கள் முன், வீட்டு வாடகையையும் ஒழுகும் கூரையையும் பற்றிப் பேச நாங்கள் எழுந்திருப்பது சிலருக்கு வியப்பாக இருக்கலாம். "வீட்டைக் கட்டிப் பார், கல்யாணத்தைச் செய்து பார்" என்றனர் நம் பெரியோர். பிறர் கட்டிய வீட்டில் குடியிருந்து பார் என்று அவர்கள் சொல்லவில்லை. அந்தச் சோதனை அவர்களுக்கு நேரவில்லை போலும்! பிழைப்பை நாடி மும்பைக்கு வந்த நமக்கோ முதற் சோதனையே அதுதான்.

இந்நகரில் மாடிக் குடித்தனம் நமக்கு எவ்வாறு வாய்த்தது என்பதைச் சிறிது எண்ணிப் பார்ப்போம். 1896-இல் அந்நாளைய பம்பாயைப் பிளேக் என்னும் கொள்ளை நோய் தாக்கிற்று. அதன் விளைவாக 1898-இல் நகர மேம்பாட்டுக்கென ஒரு டிரஸ்ட் நிறுவப்பட்டது. தாதர், மாட்டுங்கா பகுதிகளில் அகன்ற சாலைகளும் மனைகளும் வகுக்கப்பட்டது அதன் பயனே. அம்மனைகளில் எழுந்த மாடிக் கட்டடங்களில்தான், தட்டெழுத்தும் சுருக்கெழுத்தும் கற்று ரயிலேறி வந்த நம் முன்னோர் பலர் வாடகைக்குக் குடிபுகுந்தனர்.

பின்னர் 1947-இல் பம்பாய் வாடகைச் சட்டம் வந்தது. 1940 செப்டம்பர் முதல் தேதியில் இருந்த வாடகையை அளவாகக் கொண்டு அது வாடகையைக் கட்டுப்படுத்திற்று. வீடின்றித் தவித்தோருக்கு அச்சட்டம் நிழல் தந்தது உண்மை. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல, வருகின்ற வாடகை சுண்ணாம்பு அடிக்கவும் போதாது என்று வீட்டுக்காரர்கள் கைவிட்டனர். 'பகடி' என்னும் மொத்தத் தொகை கைமாறலாயிற்று, கட்டடங்கள் நலிந்தன. பழைய கட்டடங்களைப் பழுதுபார்ப்பதற்கென்றே தனி வரி விதித்து 1969-இல் ஒரு சட்டம் செய்ய நேர்ந்தது.

ஓதம் ஏறிய சுவர்களுக்கிடையே பிள்ளைகளை வளர்த்த நம்மவர், காலப்போக்கில் செம்பூரிலும் முலுண்டிலும் டோம்பிவிலியிலும் சொந்த வீடு வாங்கினர். 1960-ஆம் ஆண்டின் மகாராஷ்டிரக் கூட்டுறவுச் சங்கச் சட்டத்தின்கீழ் அமைந்த வீட்டுவசதிச் சங்கங்களில், நாம் வழக்கில் 'சொசைட்டி' என்கிறோமே அவற்றில், உறுப்பினராயினர். காரியதரிசிகளாகவும் பொருளாளர்களாகவும் அமர்ந்தனர். நேற்றுக் குடியிருந்தவர் இன்று நிர்வாகம் செய்கிறார். இன்று ஊரிலிருந்து வரும் இளைஞர் அவரிடம் குடியிருக்க வருகிறார். இந்த மாற்றத்தில் நாம் மறந்தது என்ன? அதனைச் சொல்ல எங்கள் பிழை ஒன்றையே எடுத்துக்காட்டாக உங்கள்முன் வைக்கிறோம்.

சில ஆண்டுகளுக்கு முன் நாங்கள் சிலர் எங்கள் கட்டடத்தின் நிர்வாகக் குழுவில் இருந்தோம். மேல் மாடியில் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து வந்த ஒரு இளங்குடும்பம் வாடகைக்கு இருந்தது, கைக்குழந்தை உடையவர்கள். ஜூன் மாதம் மழை பிடித்த பத்தாம் நாளே, படுக்கையறை மேற்கூரையில் ஈரம் படர்கிறது என்று அந்த இளைஞர் வந்து சொன்னார். "தம்பி, நீங்கள் குடியிருப்பவர், உறுப்பினர் உங்கள் வீட்டு உரிமையாளர் அல்லவா? அவர் எழுதட்டும்" என்றோம். பூனாவில் இருந்த உரிமையாளரோ, "மொட்டை மாடி சொசைட்டியினுடையது, அவர்களைக் கேளுங்கள்" என்றாராம். இவ்வாறு ஒரு மாதம் அந்த இளைஞர் இரண்டு வாயில்களுக்கும் நடந்தார். இரண்டு வாயில்களிலும் மரியாதையான விடையே கிடைத்தது. கூரைதான் ஒழுகிக்கொண்டே இருந்தது.

ஜூலையில் ஓர் இரவு, கூரையின் காரை பெயர்ந்து தொட்டிலின் மேல் விழுந்தது. குழந்தை அழுததால் தாய் எடுத்து மடியில் வைத்துப் பால் புகட்டிக்கொண்டிருந்தார். தொட்டில் காலியாக இருந்தது. மறுநாள் காலை அந்த இளைஞர் ஒரு செய்தித்தாளில் பொதிந்த காரைக் கட்டியை எங்கள் மேசைமீது வைத்தார். ஒன்றும் பேசாமல் அலுவலகத்துக்குப் போய்விட்டார்.

அன்று மாலை குழு கூடியபோது, தரைத்தளத்தில் வசிக்கும் முதிய அம்மையார் ஒருவர், அழைக்காமலே வந்து நின்றார். "மாட்டுங்காவில் ஒற்றை அறையில் குடியிருந்தபோது வீட்டுக்காரர் சொன்ன பேச்சை, இன்று நீங்கள் சொல்கிறீர்களே, அப்பா!" என்றார். எங்களில் எவருக்கும் நா எழவில்லை.

அதன் பின்னரே சொசைட்டியின் துணை விதிகள் அடங்கிய புத்தகத்தை அலமாரியிலிருந்து எடுத்துப் படித்தோம். மொட்டை மாடி வழியே மழைநீர் கசிந்தால் அதனை நிறுத்துவதும், அதனால் மேல்மாடி வீட்டின் கூரைக் காரை கெட்டால் அதைச் சீர்செய்வதும் சொசைட்டியின் செலவு என்று அதில் தெளிவாக எழுதியிருந்தது. விடை எங்கள் அலமாரியிலேயே இருந்தது, நாங்கள் திறக்கவில்லை. உடனே மாடியில் தார்ப்பாய் விரித்து, மழை நின்றதும் தளத்தைச் செப்பனிட்டோம். அந்தக் குடும்பத்தாரிடம் நேரிற் சென்று மன்னிப்பும் கேட்டோம். அவர்கள் இன்முகத்துடன் காப்பி கொடுத்து உபசரித்தார்கள். ஒப்பந்தக் காலம் முடிந்ததும் வேறு வீட்டுக்குப் போய்விட்டார்கள். அந்தக் காப்பியின் கசப்பு இன்னும் எங்கள் நாவில் இருக்கிறது.

அன்பர்களே! இந்த அனுபவத்திலிருந்து நாங்கள் கற்ற சிலவற்றைக் குடியிருப்போருக்கும் நிர்வாகம் செய்வோருக்கும் கூற விரும்புகிறோம்.

முதலாவது, ஒப்பந்தம். பதினொரு மாதத்துக்குத்தானே, பதிவு எதற்கு என்று கேட்போர் நம்மில் பலர். 1999-ஆம் ஆண்டின் மகாராஷ்டிர வாடகைக் கட்டுப்பாட்டுச் சட்டம் 2000 மார்ச் 31 முதல் நடைமுறையில் உள்ளது. அதன் 55-ஆம் பிரிவின்படி, வாடகை ஒப்பந்தமாயினும் 'லீவ் அண்ட் லைசன்ஸ்' ஒப்பந்தமாயினும் எழுத்தில் அமைந்து பதிவு செய்யப்படவேண்டும். பதிவு செய்விக்கும் பொறுப்பு வீட்டுக்காரருடையது. பணம் பெறும்போது ரசீது தருவதும் அவர் கடமை. குடிபுகும் நாளிலேயே சுவர், குழாய், கதவு ஆகியவற்றின் நிலையைப் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். முன்பணத்தைத் திரும்பப் பெறும் நாளில் அது பெருந்துணை புரியும். லைசன்ஸ் காலம் முடிந்த பிறகும் வீட்டைக் காலி செய்யாதிருப்போர் இரு மடங்கு தொகை தர நேரிடும் என்பதையும் மறவாதீர்கள்.

இரண்டாவது, எந்தப் பழுது யாரைச் சேர்ந்தது என்று அறிதல். வெளிச்சுவர், பொதுக் குழாய், நீர்த்தொட்டி, பம்பு, மாடிப்படி, மொட்டை மாடி, லிப்ட் ஆகியவை சொசைட்டியைச் சேர்ந்தவை. ஒரு வீட்டின் உள்ளிருக்கும் குளியலறை, சமையலறைத் தொட்டி முதலியவற்றிலிருந்து நீர் கசிந்து கீழ்வீட்டைக் கெடுத்தால், அது அந்த வீட்டு உறுப்பினரின் பொறுப்பு. இதனை அறிந்துகொண்டாலே பாதிச் சண்டை தீரும்.

மூன்றாவது, எழுதுதலும் சேர்ந்து செல்லுதலும். மாடிப்படியில் நின்று சொன்ன குறை மாடிப்படியோடே போய்விடும். தேதியிட்டு எழுதி, பெற்றதற்குக் கையொப்பம் வாங்குங்கள். பழைய முறையில் வாடகைதாரராக இருப்போருக்குச் சட்டம் மேலும் ஒரு வழி தருகிறது. வீட்டைக் குடியிருக்கத்தக்க நிலையில் வைத்திருப்பது, மாறான ஒப்பந்தம் இல்லாதவரை, வீட்டுக்காரர் கடமை. பதினைந்து நாட்களுக்குக் குறையாத அறிவிப்புக் கொடுத்தும் தக்க காலத்தில் அவர் செய்யாவிட்டால், வாடகைதாரர் தனியாகவோ பலர் சேர்ந்தோ தாமே பழுதுபார்த்து அச்செலவை வாடகையில் கழித்துக்கொள்ளலாம். ஆண்டு வாடகையில் நாலில் ஒரு பங்குக்கு மேல் கழிக்கலாகாது. குடிநீர், மின்சாரம் போன்ற இன்றியமையாத வசதிகளைத் தக்க காரணமின்றி வீட்டுக்காரர் நிறுத்துவதையும் சட்டம் தடுக்கிறது. லைசன்ஸ் முறையில் இருப்போரின் நிலை வேறு. அவர்களுக்கு ஒப்பந்தத்தில் எழுதியதே பெரும்பாலும் கவசம். ஆகையால் பழுதுபார்ப்பது யார் என்பதைக் கையொப்பமிடும் முன்னரே அதில் எழுதச் செய்க.

மத்திய அரசாங்கம் 2021-இல் வெளியிட்ட மாதிரி வாடகைச் சட்டம், குடியிருப்பு வீடுகளுக்கு முன்பணம் இரண்டு மாத வாடகைக்கு மிகலாகாது என்கிறது. எனினும் அது மாதிரியே. ஒரு மாநிலம் அதனை ஏற்றுச் சட்டம் செய்தாலன்றி அங்கே அது செல்லாது. செய்தித்தாளில் தலைப்பைப் படித்துவிட்டு வீட்டுக்காரரோடு வழக்காடப் புறப்பட வேண்டாம்.

இனி, நிர்வாகம் செய்வோருக்கு ஒரு சொல். வாடகைக்கு இருப்பவருக்குச் சொசைட்டிக் கூட்டத்தில் வாக்கில்லை என்பது மெய். ஆனால் வாக்கில்லாதவர் தலைமீதும் காரை விழும். வீட்டை வாடகைக்கு விட்ட உறுப்பினரிடம் பெறும் கூடுதற் கட்டணம், சேவைக் கட்டணத்தில் நூற்றுக்குப் பத்துக்கு மேற்படலாகாது என்று 2001-இல் மாநில அரசாங்கம் ஆணையிட்டது. ஆகவே வாடகை வீட்டை வருமானத்துக்குரிய வழியாக எண்ணுவது முறையன்று. பழுதுபார்ப்பு நிதியைச் சேர்க்காமல், "எங்கள் கட்டணம் குறைவு" என்று பெருமை பேசுவதும் தவறு. முப்பது ஆண்டு கடந்த கட்டடத்தின் உறுதியைப் பொறியாளரைக் கொண்டு சோதிக்க வேண்டும். தரைத்தளத்தில் இருக்கிறோம், லிப்ட் செலவு நமக்கேன் என்று கேட்போருக்கும், அச்செலவு அக்கட்டடத்தின் எல்லா உறுப்பினருக்கும் சமமானது என்பதை அன்போடு எடுத்துச் சொல்லுங்கள்.

குடியிருப்போருக்கும் கடமை உண்டு. வாடகையைத் தேதி தவறாமல் கொடுங்கள். விடியற்காலை ஐந்து மணிக்கு மாவரைக்கும் இயந்திரத்தை ஓட்டிக் கீழ்வீட்டாரின் உறக்கத்தைக் கெடுக்காதீர்கள். துளசிக்கு ஊற்றிய நீர் அண்டை வீட்டார் உலர்த்திய துணிமேல் விழாமல் பாருங்கள். பக்கத்து வீட்டு மராத்தியரும் குஜராத்தியரும் நம் நடத்தையைக் கண்டே நம் மொழியையும் மதிக்கிறார்கள். அவர்களையும் கூட்டிக்கொண்டு எழுதிய விண்ணப்பமே வலிவுடையது.

முடிவாக, இச்சங்கத்துக்கு ஒரு வேண்டுகோள். நம் நூலகத்தில் கதைப் புத்தகங்களுக்கு அருகே சொசைட்டித் துணை விதிகளின் பிரதி ஒன்றையும் வாடகைச் சட்டத்தின் பிரதி ஒன்றையும் வைப்போம். ஞாயிறுதோறும் ஒரு மணி நேரம், விவரம் அறிந்த இருவர் அமர்ந்து, புதிதாக வரும் இளைஞர்களின் ஒப்பந்தத்தைப் படித்துப் பொருள் சொல்லட்டும். முதல் ஞாயிறு அமர நாங்கள் ஆயத்தமாக இருக்கிறோம்; பட்ட கடனைத் தீர்க்க எங்களுக்கும் ஒரு வாய்ப்பு வேண்டுமன்றோ?

ஊர் கூடினால்தான் தேர் நகரும் என்பர். தேருக்கு மட்டுமன்று, கூரைக்கும் அது பொருந்தும்.