நெல்லும் பூவும் சொரிந்த நீர்

அக்கினி வலமும் மாங்கல்யதாரணமும் இல்லாமல் விவாகம் உண்டா என்று வியப்பவர்கள், நல்லாவூர் கிழார் பாடிய அகநானூற்று 86-ஆம் பாட்டை அவசியம் படிக்க வேண்டும். வரிசையாகக் கால் நட்ட பெரும்பந்தலில் மணல் பரப்பி, விளக்கேற்றி, மாலை தொங்கவிட்டு, உளுந்திட்டுக் குழையச் சமைத்த பொங்கலை உற்றார் உண்டுகொண்டிருக்க, திங்களும் உரோகிணியும் கூடிய சுபதினத்தின் விடியற்பொழுதில், மகவு ஈன்ற சுமங்கலிகள் நால்வர், கணவன் விரும்பிப் பேணும் மனைவியாகுக என்று வாழ்த்தி, பூவும் நெல்லும் இட்ட நீரை மணமகளின் தலையில் சொரிகிறார்கள். ஈரக் கூந்தலில் நெல்மணிகள் ஒட்டிக்கொண்டு விளங்குகின்றன. புரோகிதரைப் பற்றிய பேச்சே அப்பாட்டில் இல்லை. அத்தாய்மாரின் வாய்ச்சொல்லே அங்கே மந்திரம். நாம் தூவும் அட்சதையைப் பார்க்கும்போதெல்லாம் எனக்கு அந்த நெல்லே நினைவுக்கு வரும். அதே நூலின் 136-ஆம் பாட்டிலோ, வாகையிலையும் அறுகின் முகையும் சேர்த்து வெண்ணூல் சூட்டுகிறார்கள்.