விளையாட்டைத் திறந்து பாருங்கள்
(வெள்ளி விழாக் கூட்டத்தில் ஆற்றிய உரை)

 

2011ஆம் ஆண்டில் தமிழக அரசு விலையில்லா மடிக்கணினித் திட்டத்தைத் தொடங்கிய பின்னரே நம்மவர் வீடுகள் பலவற்றிற்கு முதற் கணினி வந்தது. மாணவர்கள் அதில் விளையாடக் கண்டு நான் கடிந்துகொண்டதுண்டு. இன்று அதற்காக வருந்துகிறேன். "விளையாடாதே" என்று சொன்ன நான், "அது எப்படி இயங்குகிறது என்று திறந்து பார்" என்று சொல்லியிருக்க வேண்டும்.

கணபதியில் வாழும் நமக்கு இவ்வழி புதிதன்று. பட்டறையில் பழைய மோட்டாரைப் பிரித்து, மீண்டும் பூட்டித் தொழில் கற்றவர்கள் நம்மிடையே பலர். நிரல் எழுதுவதற்கும் அதுவே வழி. புதிய விளையாட்டொன்றை ஆக்குவது கடினம். இருக்கும் விளையாட்டில் ஒரு விதியை மாற்றுவது எளிது. இதனை 'மாடிங்' என்பர். 1999இல் மின் லீ, ஜெஸ் கிளிஃப் என்னும் இரு இளைஞர்கள் 'ஹாஃப் லைஃப்' விளையாட்டை இவ்வாறு மாற்றியமைத்ததே 'கவுன்ட்டர் ஸ்ட்ரைக்'. மூல விளையாட்டை ஆக்கிய நிறுவனமே பின்னர் அவர்களைப் பணியில் அமர்த்திக்கொண்டது.

தொடங்குவோர்க்கு 'லுவான்டி' ஏற்றது. பின்லாந்து நாட்டுப் பெர்ட்டு அஹோலா 2010இல் 'மைன்டெஸ்ட்' என்னும் பெயரில் தொடங்கியது. 2024இல் பெயர் மாறியது. இலவசமானது, பழைய கணினியிலும் இயங்கும். அதன் 'மாட்ஸ்' கோப்புறைக்குள் புதிய கோப்புறை ஒன்றை அமையுங்கள். 'மாட்.கான்ஃப்' என்னும் கோப்பில் உங்கள் மாற்றத்தின் பெயரையும், 'இனிட்.லுவா' என்னும் கோப்பில் கட்டளைகளையும் எழுதுங்கள். ஆட்டக்காரர் உள்ளே வந்ததும் அவருக்குரிய ஈர்ப்பின் அளவை 1இலிருந்து 0.5 ஆக்கும்படி முதற் கட்டளை அமையட்டும். விளையாட்டின் பட்டியலில் அதனைத் தேர்ந்து இயக்கினால், ஆட்டக்காரர் முன்னிலும் உயரமாகத் தாவி, மெல்ல இறங்கக் காண்பீர்கள். மூன்றே வரிகளில் நிகழ்வு, சார்பு, மாறி ஆகிய மூன்றும் விளங்கிவிடும். பிழை நேர்ந்தால் எந்தக் கோப்பில், எந்த வரியில் என்று கணினியே காட்டும். ஒரு நேரத்தில் ஒன்றை மட்டும் மாற்றுங்கள். மாற்றுமுன் படி எடுத்து வையுங்கள்.

ஆங்கிலம் வாராதே என்று அஞ்ச வேண்டா. 'லுவா' மொழிக்குரிய சிறப்புச் சொற்கள் இருபத்தைந்துக்கும் குறைவே. நம் பன்னிரண்டாம் வகுப்புக் கணினி அறிவியல் நூல் பைத்தான் மொழியைத் தமிழிலேயே கற்பிக்கிறது. ஒன்றைக் கற்றவர்க்கு மற்றது எளிது.

இச்சங்கத்தாரிடம் ஒரு வேண்டுகோள். வீடுகளில் கிடக்கும் மடிக்கணினிகளைச் செப்பனிட்டு, ஞாயிறுதோறும் இரண்டு மணி நேரம் இம்மன்றத்தில் பயிற்சி நடத்துங்கள். ஒரு கணினிக்கு இருவர் அமரட்டும். பெண் பிள்ளைகளுக்குச் சரிபாதி இடம் தாருங்கள்.

எழுத்து மறுக்கப்பட்டோரின் பேரப்பிள்ளைகள் நாம். எந்த விதியும் யாரோ ஒருவர் எழுதியதே. எழுதக் கற்றவர் அதனை மாற்றியும் எழுதலாம். இதனை நம் பிள்ளைகள் தம் கையாலேயே செய்து உணரட்டும்.