செங்கல்லுக்கு முன் கையெழுத்து



ரயிலில் ஒரு மூட்டை ஏற்றினாலும் ரசீது கேட்கும் நாம், செகந்திராபாத் வாடகை வீட்டின் பின்கட்டில் அறை எழுப்பும்போது மட்டும் வீட்டுக்காரரின் தலையசைப்பை நம்பிச் சீட்டுப் பணத்தைக் கொட்டுகிறோம். நாளை அவர் மறுத்தால் நமக்குச் சாட்சி யார்?

1882-ஆம் ஆண்டுச் சொத்து மாற்றுச் சட்டத்தின் 108-ஆம் பிரிவு சொல்வதென்ன? வேறு ஒப்பந்தம் இல்லையென்றால், வீட்டுக்காரர் இசைவின்றி நிரந்தரக் கட்டடம் எழுப்பக் கூடாது. சுவரை இடித்து வீட்டின் மதிப்பைக் கெடுத்தாலோ, 1960-ஆம் ஆண்டு வாடகைச் சட்டப்படி வெளியேற்ற வழக்கே போடலாம்.

அதே 108-ஆம் பிரிவில் நமக்கும் உரிமை உண்டு. அவர் செய்யக் கடமைப்பட்ட பழுதை, அறிவித்தும் நியாயமான காலத்தில் செய்யாவிட்டால், நாமே செய்து செலவை வாடகையில் கழிக்கலாம்.

கெஞ்சவும் வேண்டாம், மிஞ்சவும் வேண்டாம். எழுதிக் கேட்போம், எழுதி வாங்குவோம், பிறகே செங்கல் வைப்போம்!